‘எடுத்துக்கிட்டேன்’ என்று சொல்லும் வரை

எனக்கு இருபத்தெட்டு வயது. எங்கள் தொழிலில் அது ஓய்வு பெற்ற பிறகான வயது. பெண்களை வைத்து ஓட்டுகிற லைன்களில் பத்தொன்பதில் ஏறியவளைக் கல்யாணம் வந்து இறக்கிவிடும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்து இறக்கிவிடும், இரண்டும் இல்லாவிட்டால் லைனே ஒருநாள் எழுந்து வேறு ஊருக்குப் போய்விடும். எனக்கு நடந்தது மூன்றாவது. ஆகவே அனுபவம் எழுதுகிற தகுதி எனக்கு வந்துவிட்டது என்று ஜெனிட்டா சொல்கிறாள்.

ஜெனிட்டா எங்கள் சிங்கப்பெருமாள் கோவில் சபையின் வாலிபர் கூடுகைக்கு வருகிற பெண். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இரண்டாவது வருஷம். போன மாதம் கூடுகை முடிந்து பாய் சுருட்டும்போது கேட்டாள்.

“அக்கா, எங்க லைன்ல ஆள் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு. எல்லாரும் பயந்து போயிருக்கோம். கஷ்டகாலம் வர்றதுக்கு முன்னாடியே விசுவாசத்தை எப்படி ஸ்ட்ராங் பண்ணிக்கிறதுன்னு நம்ம பத்திரிகைக்கு எழுதித் தாங்களேன். அந்தக் காலத்துல நீங்கல்லாம் ஏதோ குழு நடத்தினீங்களாமே.”

“எந்தக் காலத்துல?”

“நீங்க வேலை பார்த்த காலத்துல.”

நான் வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்குள் அது ஒரு காலமாகிவிட்டது.

“சரி, உங்க கம்பெனில ஷிப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர் எப்படிக் குடுக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“ஹேண்ட்ஓவரா? ஸ்கிரீன்ல முகத்தைக் காட்டணும். பச்சை லைட் எரியும். அவ்வளவுதான். முன்னாடி ஷிப்ட்ல யார் நின்னாங்கன்னே எங்களுக்குத் தெரியாது அக்கா.”

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, திருநெல்வேலியிலிருந்து ஒரே பையோடு ஸ்ரீபெரும்புதூரில் வந்து இறங்கினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தலைக்குத் தொப்பி, பையே இல்லாத நீல அங்கி, போன் லாக்கரில், வாய் மூடி, கை ஓடி, மூன்று மாதம். பிறகு கிரிம்பிங் மெஷினில் நிறுத்தினார்கள். கார்களுக்கான ஒயர் கட்டுகளைச் செய்கிற கம்பெனி அது. ஒயரின் நுனி உறையைச் சீவி, உள்ளே இருக்கிற செம்பு இழைகளைச் சுற்றி ஒரு சின்ன உலோக முனையை வைத்து அமுக்குவதுதான் கிரிம்பிங். அமுக்கியது சரியாகப் பிடித்ததா என்று கண்ணால் தெரியாது. இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் சூப்பர்வைசர் தனசேகர் சார் பென்னலூர்க்காரர். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. கோயில் உற்சவத்துக்கு மட்டும் லீவு போடுவார். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். மெஷினைப் பார்த்துத்தான் பேசுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சட்டைப் பையிலிருந்து கையுறையை எடுத்துக்கொண்டே வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அவர் கத்தி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை.

அவருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். ஷிப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர் வாயால் நடக்க வேண்டும். போகிறவள் மூன்று சொல்ல வேண்டும்: என்ன ஒயர் ஓடுகிறது, என்ன முனை மாட்டியிருக்கிறது, மெஷின் என்ன தொந்தரவு கொடுத்தது. வருகிறவள் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டு, உள்ளே வந்து, ஒரு பீஸ் போட்டு, கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு ‘எடுத்துக்கிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழாமல் போகிறவள் நகரக்கூடாது. பஸ் கிளம்பினாலும் நகரக்கூடாது.

“ஆளு மாறலாம்மா,” என்பார் மெஷினிடம். “ஆனா ஆளு இல்லாத மெஷின் ஒரு நிமிசம் இருக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

என் மெஷினில் எனக்கு எதிர் ஷிப்ட் ஜெபக்கனி. நாங்கள் கனி என்போம். நாங்குநேரிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் என் அறை. அவள் காலை ஆறிலிருந்து இரண்டு என்றால் நான் இரண்டிலிருந்து பத்து. அடுத்த வாரம் மாறும். ஒரே அறையில் இருந்தும் அவள் விழித்திருக்கும்போது நான் லைனில், நான் விழித்திருக்கும்போது அவள் லைனில். ஞாயிறு தவிர, நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது மத்தியானம் இரண்டு மணிக்கு, அந்த மஞ்சள் கோட்டில்தான்.

ஜெனிட்டா கேட்ட குழு ஞாயிற்றுக்கிழமைக் குழு. ஆரம்பித்தது நான். அப்போது எனக்கு எல்லாவற்றிலும் அவசரம். கஷ்டகாலம் வரப்போகிறது, தயாராக வேண்டும் என்று ஒரு பிரசங்கம் கேட்டேன். அடுத்த ஞாயிறே ஹாஸ்டல் மொட்டைமாடியில் எட்டுப் பேரை உட்கார வைத்துவிட்டேன். நாளைக்கே சபைகளைப் பூட்டினால் என்ன செய்வாய்? கையில் வேதம் இல்லாமல் போனால் எத்தனை சங்கீதம் மனப்பாடமாகத் தெரியும்? ஒருவன் வந்து மறுதலி என்றால் என்ன சொல்வாய்? ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்பேன்.

சுகந்தி மட்டும் எழ மாட்டாள். அவள் பென்னலூர்ப் பெண், வீட்டிலிருந்தே வேலைக்கு வருகிறவள். எங்கள் லைனில் பக்கத்து மெஷின்.

“இன்னாத்துக்கு எப்சி இந்த வெரட்டு வெரட்டற? வர்ற கஷ்டம் உன்னை மாதிரி முன்னாலயே கேள்வித்தாள் குடுத்துட்டா வரப்போவுது?”

“ஆயத்தமா இருக்கணும்ல.”

“இரு. ஆனா உபவாசத்த வெள்ளிக்கெழமலேந்து மாத்து. கேண்டீன்ல முட்டைக் கொழம்பு அன்னிக்குத்தான். புதன்கெழம வெறும் ரசம். கர்த்தர் புதன்கெழம வேணாம்னா சொல்லிட்டாரு?”

மாற்றவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை முட்டைக் குழம்பு வாசனையில் நான் செய்த ஜெபங்கள் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று தெரியாது.

வாரநாட்களில் என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. லைனுக்குள் போன் கிடையாது. அங்கியில் பை கிடையாது, ஒரு துண்டுக் காகிதம்கூட உள்ளே போகக்கூடாது. அப்போது கனிதான் சொன்னாள்: “மூணு சொல்லுதோம்லா. நாலாவதா ஒரு வசனத்தையும் சொல்லிட்டுப் போவோமே.”

அப்படித்தான் எங்கள் வழக்கம் பிறந்தது. என்ன ஒயர், என்ன முனை, என்ன தொந்தரவு, நாலாவதாக ஒரு வசனம். வாங்கியவள் அதை எட்டு மணி நேரமும் மெஷின் சத்தத்தோடு சேர்த்து மென்றுகொண்டிருப்பாள். ‘எடுத்துக்கிட்டேன்’ என்பது இப்போது நாலுக்கும் சேர்த்து. மற்ற மெஷின்களிலும் எங்கள் பெண்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் தனசேகர் சார் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டார்.

“இன்னாம்மா அது, நாலாவது?” என்றார் மெஷினைப் பார்த்து.

“வசனம் சார்.”

“மெஷினுக்கு சம்பந்தப்பட்டதா?”

“இல்ல சார். ஆளுக்கு சம்பந்தப்பட்டது.”

சற்று யோசித்தார். “லைனு லேட்டாவாம பாத்துக்க.” கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நினைத்தால் அந்த இரண்டு வருஷத்தைப் போல ஒன்று எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. இன்றும் மத்தியானம் இரண்டு மணி அடித்தால் என் கால் எங்கோ போகப் பார்க்கிறது. கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பேன். யாரோ மஞ்சள் கோட்டில் வந்து நிற்கிற மாதிரி முதுகு நிமிரும்.

இனி கனியின் அப்பா. அவர் ஊரில் கோயில்குட்டி. ஆலயத்தைப் பெருக்கி, விளக்குத் துடைத்து, மணி அடிக்கிறவருக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கனிக்குப் போன் போட்டு, “இந்த வாரம் என்னத்தை வாங்கின, என்னத்தைக் குடுத்த?” என்று கேட்பார். சந்தையில் கொடுக்கல் வாங்கல் கேட்பது மாதிரி இருக்கும். கனி ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்கே கேட்கும்.

அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எங்கள் குழு முழு மூச்சாக இறங்கியது. முறை போட்டு உபவாசம், ஹேண்ட்ஓவரில் அவருக்காகவே பொறுக்கின வசனங்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார், வீட்டுக்கு வந்தார், மறுபடி மணி அடித்தார். கனி மொட்டைமாடியில் நின்று சாட்சி சொன்னாள். சுகந்திகூட அழுதாள். பார், ஆயத்தம் வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. அன்று நான் ஒரு பிரசங்கமே செய்தேன். “சோதனைன்னா நம்ம இழுத்துப் பார்க்கிற டெஸ்ட் மாதிரிதான். பிடிச்சிருக்கான்னு பார்க்கத்தான் அவர் இழுக்கிறார்” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒயர் வேலைக்காரிகளுக்கு ஏற்ற உவமை.

அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கனி காலை ஷிப்ட். நடந்ததைப் பக்கத்து மெஷினிலிருந்து பார்த்தவள் சுகந்தி.

பதினொரு மணி சுமாருக்கு தனசேகர் சார் வந்தாராம், கையுறையை மாட்டிக்கொண்டே. கனியின் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றாராம், ஷிப்டுக்கு வருகிற பெண் நிற்பது மாதிரி. “நெலவரம் சொல்லும்மா” என்றாராம். கனிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பழக்கம், ஒயர், முனை, தொந்தரவு மூன்றையும் சொன்னாள். அவர் உள்ளே வந்து ஒரு பீஸ் போட்டு, இழுத்துப் பார்த்து, “எடுத்துக்கினேன்” என்றார். அதற்குப் பிறகுதான், மெஷினைப் பார்த்தபடியே, “ஊர்லேந்து ஹாஸ்டலுக்கு போன் வந்துது. அப்பாவுக்கு முடியல. நீ கெளம்பு. கேட்ல வண்டி நிக்குது. மெஷினப் பத்தி ஒண்ணும் நெனைக்காத” என்றார்.

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னாள். சார் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லையாம்.

நான் இரண்டு மணிக்குப் போகும்போது கனியின் இடத்தில் அவர் நின்றிருந்தார். வயிறு மெஷின் மேசையில் இடிக்க, சின்னப் பெண்களுக்காக அளவெடுத்த அந்த இடத்தில், பீஸ் பீஸாகப் போட்டுக்கொண்டிருந்தார். வேறு ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நான் கோட்டில் நின்றேன். ஒயர் சொன்னார், முனை சொன்னார், பெடல் கொஞ்சம் இறுகுகிறது என்றார். பிறகு நிறுத்தினார்.

“நாலாவது எனக்குத் தெரியாது,” என்றார். “அத நீங்களே பாத்துக்குங்க.”

இழுத்துப் பார்த்தேன். “எடுத்துக்கிட்டேன் சார்” என்றேன். போனார்.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து கனி வந்தாள். மொட்டைமாடிக் குழு முழுவதும் அறையில் கூடிவிட்டது. ஒவ்வொருத்தியும் ஒரு வசனம் தயாராக வைத்திருந்தாள். என்னிடம் நாலு இருந்தது. கனி அங்கியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் கிளிப்பையும் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

“ஏட்டி எப்சி, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு கனி.”

“நம்ம டெஸ்ட்டுக்குன்னு போடுதோமே சாம்பிள் பீஸு, அதை ஹூக்குல மாட்டி அந்து போற வரைக்கும் இழுப்போம்லா. அந்து போனதைக் காருல மாட்டுவோமா?”

அவளே சொன்னாள்.

“குப்பைல போடுவோம். மத்த பீஸு எல்லாம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட அந்த ஒண்ணு. எங்கப்பா சாம்பிள் பீஸாட்டி? இல்ல நானா?”

என் உவமை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு யாராவது சட்டென்று பதில் வைத்திருந்தால் அவர்கள் கனியின் முகத்தைப் பார்க்காதவர்கள்.

அதிலிருந்து ஹேண்ட்ஓவரில் மூன்றுதான். ஒயர், முனை, தொந்தரவு. என் வாரத்தில் நான் நாலாவதைச் சொன்னால், காது கேளாத மாதிரி ஒயரை எடுத்து இழுப்பாள். “மெஷினை எடுத்துக்கிட்டேன்” என்பாள். மெஷினை மட்டும். ஞாயிறு நாங்கள் கிளம்பும்போது சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். சாப்பாட்டுக்கு முன் தலை குனிவது நின்றது. ஊரிலிருந்து அம்மா ஜெபிக்கச் சொன்னால் போனைக் கட்டில்மேல் வைத்துவிடுவாள்.

சபையைப் பூட்டுவார்கள், வேதத்தைப் பிடுங்குவார்கள் என்றெல்லாம் ஒத்திகை பார்த்தேனே, யாரும் வந்து எதையும் பிடுங்கவில்லை. அவளே கையைத் திறந்து கீழே விட்டாள். அதற்கு எங்களிடம் ஒத்திகை இல்லை. கனி இதிலேயே போய்விடுவாளோ என்கிற பயம் ஒவ்வொரு இரண்டு மணிக்கும் என்னோடு வந்து கோட்டில் நின்றது. நான் இன்னும் அதிகம் பேசினேன். அவள் இன்னும் வேகமாக ஒயரை இழுத்தாள்.

ஒரு ஞாயிறு சபைக்குப் போகிற பஸ்ஸில் சுகந்தி என் தொடையில் தட்டினாள்.

“அந்தப் பொண்ண வுட்டுடு எப்சி.”

“எப்படி விடுறது? இப்பத்தானே அவ விசுவாசத்துல நிக்கணும்.”

“நிக்க முடியலன்னுதான படுத்துக்கினு கீறா. வேதத்துல ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேரு கட்டிலோட தூக்கினு வந்து கூரைய பிரிச்சு எறக்குனாங்களே. படுத்துக்கினு இருந்தவன் இன்னா பேசினான் சொல்லு?”

யோசித்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

“அவனுக்கு விசுவாசம் கீதா இல்லியான்னு கூட யாரும் கேக்கல. தூக்கினவங்களுதப் பாத்தாரு, போதும்னுட்டாரு. நீ இன்னாடான்னா கட்டில்ல கீறவளப் போயி எழுந்து நட, எழுந்து நடன்னுக்கினு. தூக்குடி. வாயால இல்ல.”

வாயால் இல்லாமல் எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் லைனுக்குள் போகும்போதுதான் தனசேகர் சார் அந்த இடத்தில் நின்றது ஞாபகம் வந்தது. அவர் கனிக்கு ஆறுதல் சொல்லவில்லை. மெஷினை வாங்கிக்கொண்டார்.

அது கனி போகிற, நான் வருகிற வாரம். மூன்று சொன்னாள். நான் கோட்டைத் தாண்டவில்லை.

“என்னட்டி? பஸ் போயிரும்.”

“நாலாவதைக் குடு.”

“உனக்குத் தெரியும்லா. என்கிட்ட வசனம் கிசனம்லாம் இல்ல.”

“வசனம் கேக்கல. உன்னோட விசுவாசத்தைக் குடு. நீ ஷிப்ட் முடிஞ்சு போற. நான் வச்சுப் பாத்துக்கிடுதேன். உனக்கு வேணுங்கும்போது கேளு.”

“என்கிட்ட ஒண்ணும் இல்லட்டி குடுக்க.”

“அந்த ஒண்ணும் இல்லாததையே குடு. ஆளு இல்லாம கெடக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

என்னையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் ஷிப்ட் முடிந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டே போனார்கள். “கிறுக்கி,” என்றாள். பிறகு தோளைக் குலுக்கி, “எடுத்துக்கோ” என்றாள்.

உள்ளே வந்தேன். ஒரு பீஸ் போட்டேன். இழுத்தேன். “எடுத்துக்கிட்டேன்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எடுத்ததை என்ன செய்வது என்று பிறகுதான் யோசித்தேன். ஞாயிறு பெஞ்சில் என் பக்கத்தில் அவள் இடத்தை விட்டுப் பையை வைத்தேன். பாட்டில் அவள் பாடுகிற கீழ்க்குரலை நான் பாடினேன். எனக்கு அது வராது, சுகந்தி சிரித்தாள். சாப்பாட்டுக்கு முன் இரண்டு பேருக்காகத் தலை குனிந்தேன். ஆனால் கனி கொடுத்ததில் நன்றி மட்டுமா இருந்தது? கோபமும் இருந்தது. அதையும் எடுத்தவள் நான்தானே. ஆகவே அவளுக்குப் பதிலாக அதையும் கேட்டேன். உமக்கு மணி அடித்தவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டு ஏன் இப்படிச் செய்தீர் ஆண்டவரே என்று, என் வாயால், முழங்காலில் நின்று, மரியாதையில்லாமல் கேட்டேன். அதற்கு முன் நான் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. கேட்டு முடித்தபோது அவர் எழுந்து போய்விடவில்லை என்று தெரிந்தது. மொட்டைமாடியில் மனப்பாடம் செய்த எல்லாவற்றையும்விட அந்த ஒன்று என்னைப் பலப்படுத்தியது. ஜெனிட்டா, நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற நேரான பதில் இதுதான். உன் கஷ்டத்துக்காக நீ சேர்த்து வைப்பது அல்ல. இன்னொருத்தியின் கஷ்டத்தை ஒரு ஷிப்ட் வாங்கி நிற்பது.

மாதங்கள் போயின. கனி கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை. மூன்று சொல்வாள், நான் நாலாவதுக்குச் சும்மா கையை நீட்டுவேன், அவள் ‘எடுத்துக்கோ’ என்பாள். பிறகு நான் கை நீட்டாமலே சொல்ல ஆரம்பித்தாள். என் வாரத்தில், நான் மூன்று சொன்ன பிறகு, ஒயரை எடுக்காமல் ஒரு கணம் நிற்பாள். “வேற?” என்பாள். “வேற ஒண்ணுமில்ல” என்பேன். நான் அவளை இழுக்கவில்லை. அந்த ‘வேற’வுக்காகவே எனக்கு விடிந்தது.

பிறகு லைன் போவதாகச் செய்தி வந்தது. வேறு மாநிலத்தில் புதுக் கட்டடம், புது மெஷின்கள். கடைசி வாரம் ஷிப்டுகளைச் சேர்த்துப் பகலில் ஒரே ஷிப்டாக ஆக்கினார்கள். அறிமுகமானதிலிருந்து முதல் தடவையாக நானும் கனியும் ஒரே நேரத்தில் லைனில். அவளுக்கு எதிர்வரிசையில் ஒரு மெஷின். சுகந்திக்குப் பக்கத்துக் கம்பெனியில் இடம் கிடைத்து முந்தைய வாரமே போய்விட்டாள். நான் மட்டும் வழக்கம்போல எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் மாலை தனசேகர் சார் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வந்தார். கையுறை மாட்டியிருந்தார். ஒவ்வொரு மெஷினாகத் தாமே அணைத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும், “ஒழுங்கான மெஷினு,” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு, அதுவும் மெஷினுக்கு. அணைத்தார். அடுத்ததற்குப் போனார்.

பெண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. என்னால் நகர முடியவில்லை. ஆறு வருஷப் பழக்கம்: பின்னால் யாராவது வந்து நிற்க வேண்டும், நான் மூன்று சொல்ல வேண்டும், அந்த வார்த்தை காதில் விழ வேண்டும். கோட்டுக்கு வெளியே யாரும் இல்லை. இனி வரவும் மாட்டார்கள். அப்போதுதான் எனக்குள்ளும் ஏதோ அணைந்தது. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். மூடினது மூடினபடி இருந்தது. ஒரு வசனம், ஒரே ஒரு வசனம் வரவில்லை. மற்றவர்களை எழுப்பி எழுப்பிக் கேட்டவள் நான்.

“நெலவரம் சொல்லு.”

திரும்பினேன். கனி மஞ்சள் கோட்டுக்கு வெளியே, தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஷிப்டுக்கு வந்தவள் மாதிரி நின்றிருந்தாள்.

“என்னட்டி முழிக்க? சொல்லு.”

“சிவப்பு ஒயர்,” என்றேன். “சின்ன முனை. பெடல் இறுகுது.”

“நாலாவது?”

“ஒண்ணுமில்ல கனி. வர மாட்டேங்குது.”

“அந்த ஒண்ணும் இல்லாததையே குடு.”

கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். மெஷின் செத்துக் கிடந்தது. போட்டுப் பார்க்க ஒரு பீஸ் இல்லை. சுற்றிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, ஒயரை இழுக்கிற மாதிரியே, ஒரு இழு இழுத்தாள். நான் தடுமாறி அவள்மேல் போய் விழுந்தேன். கை விடுபடவில்லை.

“அந்து போகல பாரு,” என்றாள் என் காதருகே. “பிடிச்சிருக்கு. எடுத்துக்கிட்டேன். நீ கெளம்பு.”

தூரத்தில் தனசேகர் சார் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பஸ்காரரைக் காத்திருக்கச் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

கனி ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போனாள். நான் இங்கே ஒரு இரும்புக்கடையில் பில் போடுகிறேன், பரீட்சைகள் எழுதுகிறேன், கூடுகை நடத்துகிறேன். கூடுகையில் என்னைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்: அன்று மூடிய கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. பாடுகிறேன், வாசிக்கிறேன், தனியாக முழங்காலில் நின்றால் வார்த்தை இல்லை. ஆனால் பயமும் இல்லை. என் நாலாவது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஜெனிட்டா கேட்ட அன்றுதான், வெகுநாள் கழித்து, கனிக்குப் போன் போட்டேன்.

“ஏட்டி, இருக்கா?”

எது என்று அவள் கேட்கவில்லை. “இருக்கு. காலைல ஒரு நேரம், ராத்திரி ஒரு நேரம். உன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கேன், எங்கப்பா பேருல முடிக்கேன்.”

“திருப்பிக் குடேன் கனி.”

“போன்லயா? நல்லாருக்கே. ஆளு நேர்ல நிக்கணும், ரூலு மறந்து போச்சா? வந்து வாங்கிக்கோ.”

சனிக்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூர் போய் ஓசூர் பஸ் பிடிக்கிறேன். ஞாயிறு கூடுகைக்கு இருக்க மாட்டேன். ஆகவே ஜெனிட்டா, நிலவரம் சொல்கிறேன். சங்கீதத்தில் மலைகளைப் பார்க்கிற அதிகாரம் ஓடுகிறது. பாய் எல்லாம் அலமாரிக்குப் பின்னால். புதிதாக வருகிற அந்த இரண்டு பெண்கள் பேச மாட்டார்கள். பேச வைக்காதே, பக்கத்தில் உட்கார். நாலாவதாக, உங்கள் லைனைப் பற்றிய உன் பயத்தை நான் ஓசூருக்கு எடுத்துப் போகிறேன். திரும்பி வரும்வரை அது என் ஷிப்ட்.

இதைப் படித்ததும் ஒரே ஒரு வார்த்தை அனுப்பு. அது வராமல் நான் பஸ் ஏற முடியாது.